கைமாறிய விண்ணப்பம்

அவள் கையிலிருந்த சீட்டின் எண் முப்பத்தெட்டு. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தபோது சுவரில் எரிந்த எண் முப்பத்தொன்பது.

ஒரே ஒரு நிமிடம்... சிட்டுவைக் கழிவறைக்கு அழைத்துப் போய்விட்டுத் திரும்புவதற்குள்!

வெளியே மழை, கண்ணாடிச் சுவரெங்கும் வழிந்துகொண்டிருந்தது. நான்கு வயதுச் சிட்டுவின் காலுறைகள் சொதசொதவென்று நனைந்திருந்தன. ஒரு கையில் மகள், மறு கையில் பிளாஸ்டிக் உறைக்குள் விண்ணப்பம். பல்கலைக்கழகத்தின் மாணவர் உதவி அலுவலகத்துக்கு அவள் வருவது இது மூன்றாவது முறை.

நேராக நான்காம் கவுண்டருக்குப் போய், அந்த ஊர் மொழியில் மன்னிப்புக் கேட்டாள். உள்ளே இருந்தவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “புதிய சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள்” என்றான், அதே மொழியில்.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியத்தில் மகளிடம் தமிழில் சொன்னாள்.

“வா சிட்டு. இந்தச் சிடுமூஞ்சிக்குச் சிரிக்கவும் தெரியாது, மனுஷங்க மொகத்தைப் பாக்கவும் தெரியாது.”

“தெரியும்...” என்றது கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒரு குரல். “காலையிலேருந்து முப்பத்தேழு மொகம் பாத்தாச்சு. அதான் கொஞ்சம் சிடுசிடுப்பு. முப்பத்தொன்பதைக் காணோம்... உக்காருங்க.”

தமிழ்!

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். இரண்டு வருடமாக அந்தப் பல்கலைக்கழகத்துக்குள் அவள் கேட்டிராத மொழி. நாக்கைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவன் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. குறும்பான கண்கள்... ஆனால் அந்தக் குறும்புக்குப் பின்னால் நெடுநாள் யாருமே வந்து போகாத வீடு மாதிரி ஓர் அமைதி.

“மன்னிச்சுடுங்க சார், நான்...”

“பரவால்ல. திட்டுன்னாலும் தமிழ்ல கேட்டு ரொம்ப நாளாச்சு.”

விண்ணப்பத்தைப் புரட்டினான். பிறநாட்டிலிருந்து வந்து, குழந்தையை வளர்த்துக்கொண்டே படிக்கும் மாணவர்களுக்கான உதவித்தொகை. அவளுக்கு வந்துகொண்டிருந்த ஆராய்ச்சிப் பணம் ஒற்றை ஆளுக்கென்று போட்டது. அதில் சிட்டு இல்லை. விசாவோ வாரத்துக்கு இத்தனை மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்றது. குழந்தைகள் காப்பகமோ அடுத்த மாதக் கடைசிக்குள் பாக்கியைக் கட்டாவிட்டால் இடத்தை வேறு குழந்தைக்குக் கொடுத்துவிடுவோம் என்று கடிதம் அனுப்பியிருந்தது.

“அப்பா கையெழுத்து இல்லையே...”

“போட மாட்டாரு. பிரிஞ்சாச்சு. கோர்ட் தீர்ப்பை வெச்சிருக்கேனே.”

“இது நம்ம ஊர் தீர்ப்பு. இவங்க மொழியில வேணும்.”

“அதுக்கு எவ்வளவு கேக்கறாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?” அவள் குரல் உடைந்தது. “போன தடவையும் இதைத்தான் சொன்னாங்க. அதுக்கு முந்தின தடவையும் இதைத்தான் சொன்னாங்க...”

அவன் பேனாவை வைத்தான். “மாணவர்களுக்கு மொழித்துறையில சும்மாவே பண்ணித் தருவாங்க. யாரும் சொல்லலையா?”

யாரும் சொல்லவில்லை. சொல்ல அவளுக்கு யார் இருந்தார்கள்?

கிளம்பும்போது, டப் டப் என்று அவன் அழுத்திக்கொண்டிருந்த முத்திரையைச் சிட்டு வாய் பிளந்து பார்த்தாள். கையை நீட்டினாள். அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அந்தப் பிஞ்சு மணிக்கட்டில் ‘பெறப்பட்டது’ என்று ஒன்று குத்தினான்.

அன்று முதல் சிட்டுவுக்கு அவன் ‘ஸ்டாம்ப் மாமா’.

•

அந்த வாரச் சனிக்கிழமை மதியம், காசு போட்டு நாமே துவைத்துக்கொள்ளும் தெருமுனை லாண்ட்ரியில் ஒரு மூட்டைச் சட்டையோடு வந்து நின்றான் ஸ்டாம்ப் மாமா. அவனும் அதே பேட்டைதானாம்! இரண்டு வருடமாக அடுத்தடுத்த தெருவில் இருந்திருக்கிறார்கள்... ஒரே கடையில் துணி துவைத்திருக்கிறார்கள்... இவள் ஞாயிறு, அவன் சனி.

“நீங்க ஞாயித்துக்கெழமைதானே வருவீங்க? கடைக்காரர் சொன்னாரு, ஒரு சின்னப் பொண்ணு மெஷினுக்கு டாட்டா காட்டும்னு.”

“இன்னிக்குப் பால் கொட்டிடுச்சு. போர்வை, தலகாணி எல்லாம் நாசம்.”

“பாலுக்கு நன்றி” என்றான். சொல்லிவிட்டு அவனே வெட்கப்பட்டு, சோப்புத்தூளை மெஷினுக்குள் கொட்டுவதற்குப் பதில் தரையில் கொட்டினான்.

அவள் சிரித்துவிட்டாள். தன் சிரிப்புச் சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை பால் கொட்டவில்லை. இருந்தாலும் சனிக்கிழமையே போனாள். ‘சனிக்கிழமை கூட்டம் குறைவு’ என்று தனக்குத் தானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டாள். கூட்டம் அலைமோதியது.

துணி சுற்றும் அந்த ஒரு மணி நேரம்தான் அவளுடைய வாரத்தின் வெளிச்சம். மற்ற நாட்களில் அவள் வாய் திறப்பது அலாரத்தை நிறுத்தி, சிட்டுவை எழுப்பி, பல் தேய்க்கச் சொல்லத்தான். பிறகு ஆய்வகம்... உப்பு மண்ணில் முளைக்கும் விதைகளை வரிசை வரிசையாக எண்ணும் வேலை. சாயங்காலம் அந்த ஒற்றை அறை... ஜன்னலுக்கு எதிரே ஜன்னல். எதிர்வீட்டுக்காரர்களை முகம் பார்த்தால் தெரியும், பெயர் தெரியாது. சிட்டுவும் இப்போதெல்லாம் காப்பகத்து மொழியிலேயே பதில் சொன்னாள். ‘பசிக்குது’ என்று மகள் தமிழில் கேட்டால் போதும், அம்மாவுக்கு வயிறு நிறைந்துவிடும்.

“ஸ்டாம்ப் மாமா! எனக்கு இன்னொண்ணு!” சிட்டு கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

“மாமான்னு கூப்பிடறாளே...” அவன் மெல்லச் சொன்னான். “அப்படின்னா நான் உங்களுக்கு அண்ணன் முறை ஆயிடுவேனே.”

“ஆனா என்ன?”

“ஒண்ணுமில்ல... கொஞ்சம் யோசிக்கணும்.”

அவள் சட்டென்று மெஷினுக்குள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். ஒரு சிவப்புப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் சுற்றிச் சுற்றி வந்தன. காது மடல் ஏன் இப்படிச் சுடுகிறது?

மூன்றாவது சனிக்கிழமை அவள் சிரிக்கவில்லை. முந்தின நாள் ஊரிலிருந்து அண்ணன் போனில் பேசியிருந்தான். கோபமாகப் பேசவில்லை. அதுதான் கஷ்டம்.

“தெரிஞ்சவங்க ஒருத்தங்க அங்கேருந்து அடுத்த மாசம் திரும்பறாங்களாம்மா. அவங்ககூட பாப்பாவை அனுப்பி வை. அம்மா பாத்துக்குவாங்க. நீ நிம்மதியா படிச்சு முடி. ரெண்டு வருஷம்... கண்ண மூடித் தொறந்தா ஓடிடும்.”

அதை ஸ்டாம்ப் மாமாவிடம் அப்படியே சொன்னாள். “அனுப்பிடட்டுமா? எல்லாரும் அதான் நல்லதுன்றாங்க.”

அவன் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்தான். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தான்.

“எங்கம்மா படிக்கப் போனப்ப எனக்கு நாலு வயசு. சித்தி வீட்டுல விட்டுட்டுப் போனாங்க. சித்தி நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க, குறை சொல்ல முடியாது... நாலு வருஷம் கழிச்சு அம்மா வந்தாங்க. வாசல்ல நின்னாங்க. நான் போய்...” நிறுத்தினான். “‘வாங்க, உக்காருங்க. சித்தி உள்ள இருக்காங்க’ன்னேன். விருந்தாளிக்குச் சொல்ற மாதிரி. அம்மா அங்கேயே உக்காந்து அழுதாங்க. எனக்கு ஏன்னு புரியல.”

அவள் துணி போட்டிருந்த மெஷின் நின்றது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

“அனுப்புங்க, அனுப்பாதீங்கன்னு நான் சொல்லக்கூடாது. அது உங்க முடிவு. ஆனா அந்த விண்ணப்பம்...” என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கண்ணில் தேங்கி நின்ற நீரைப் பார்த்தான். ஏதோ தன்னிடமே பிடிபட்டவன் போல எழுந்து, துணிப்பையைக்கூடச் சரியாக மூடாமல் போய்விட்டான்.

அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை.

•

திங்கட்கிழமை காலை, மொழிபெயர்த்த தீர்ப்போடு அவள் அலுவலகத்துக்குப் போனாள். நான்காம் கவுண்டரில் அவன் இருந்தான். ஆனால் அவள் எண் எரிந்தது ஆறாம் கவுண்டரில். அங்கே சிவப்புக் கண்ணாடி போட்ட ஒரு மூத்த அம்மாள்.

“உங்கள் விண்ணப்பத்தை இனி நான்தான் பார்ப்பேன்” என்றாள் அந்த அம்மாள், அந்த ஊர் மொழியில்.

“ஏன்... முன்பு பார்த்தவர்?”

“தன்னிடம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.”

வேண்டாம்.

அவள் திரும்பிப் பார்த்தாள். இரண்டு கவுண்டர் தள்ளி அவன் தலை குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை.

ஓ... இவ்வளவுதானா? கணவனை விட்டு வந்தவள், உதவி கேட்டு வந்தவள், கொஞ்சம் சிரித்துப் பேசினால் ஒட்டிக்கொள்வாள் என்று பயந்துவிட்டானோ? கண்ணீரைப் பார்த்ததும் விலகிக்கொண்டானோ? நாலு பேரிடம் சொல்லாததை எல்லாம் அவனிடம் கொட்டினேனே... எனக்கு வேண்டியதுதான்!

காகிதத்தை நீட்டிவிட்டு விறுவிறுவென்று வெளியே வந்தாள். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைதான் துணி துவைத்தாள். ஒரு நாள் எதிர்ச்சாரியில் அவன் குடையோடு வருவது தெரிந்தது. இவள் சிட்டுவை இழுத்துக்கொண்டு தேவையே இல்லாத ஒரு செருப்புக் கடைக்குள் நுழைந்தாள்.

“ஸ்டாம்ப் மாமா ஏன் வரல?”

“அவருக்கு வேலை இருக்கு.”

“நாம தப்பு பண்ணோமா?”

அவள் குனிந்து சிட்டுவின் காலணி வாரை இறுக்கினாள்.

வியாழக்கிழமைக்குள் சிட்டுவின் டிக்கெட்டுக்குப் பதில் சொல்லவேண்டும் என்று அண்ணன் கெடு வைத்திருந்தான். விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை. புதன்கிழமை சாயங்காலம் அலமாரியைத் திறந்து சிட்டுவின் துணிகளைப் பையில் அடுக்கினாள். இவள் ஒன்று வைக்க, சிட்டு ஒன்று எடுத்தாள். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். அம்மா ஆறு முறை வைத்தாள்... மகள் ஆறு முறை எடுத்தாள். ஏழாவது முறை அம்மா வைக்கவில்லை. குழந்தையை வாரி மடியில் போட்டுக்கொண்டு போனை எடுத்தாள்.

“அண்ணா... பாப்பாவை அனுப்பல.”

“பணம்?”

“தெரியல. வரலைன்னா ஒரு வருஷம் படிப்பை நிறுத்தி வெச்சுட்டு ரெண்டு பேரும் வர்றோம். திரும்பப் போனாலும் சேந்துதான் போவோம். அவ என்னை ‘வாங்க’ன்னு கூப்பிடற நாள் வரக்கூடாதுண்ணா.”

அண்ணனுக்கு அந்தக் கடைசி வாக்கியம் விளங்கியிருக்காது. ஆனால் தங்கையின் குரல் விளங்கியது. “சரிம்மா. சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டான்.

•

அடுத்த வாரம் கடிதம் வந்தது. படிப்பு முடியும் வரை காப்பகச் செலவை ஏற்கிறோம் என்று இருந்தது.

மூன்று முறை படித்தாள். சொல்லத் துடித்தாள்... யாரிடம்? அறையில் சுவர்தான் இருந்தது. சிட்டு காப்பகத்தில். ஊரில் இப்போது விடிந்திருக்காது.

அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பேருந்து நிறுத்தத்தில் ஒதுங்கினாள். அலுவலகக் கதவு திறந்தது. குடையில்லாமல், கழுத்தில் அடையாள அட்டை ஆட, ஒருவன் ஓடி வந்தான்.

வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ஒரு நிமிஷம்...” அவனுக்கு மூச்சு வாங்கியது. இமையிலிருந்து நீர் சொட்டியது. “கையெழுத்துப் போட்டாச்சில்ல?”

“போட்டாச்சு. இனி உங்களுக்குத் தொந்தரவு இல்ல.”

“அப்பாடா... இப்பப் பேசலாம்.” நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். “முதல்ல ஒண்ணு. இது கிடைச்சதுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல. உங்க தகுதிக்குக் கிடைச்சது.”

“தெரியும். நீங்கதான் வேணாம்னு தள்ளிட்டீங்களே!”

“தள்ளல. எங்க வேலையில ஒரு விதி இருக்கு. சொந்தக்காரங்க, நெருங்கினவங்க விண்ணப்பத்தை நாங்க தொடக்கூடாது. வேற ஆளுக்கு மாத்தணும். மாத்தும்போது காரணம் எழுதணும்.”

“என்ன எழுதினீங்க?”

அவன் மழையைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். கடைசியில் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் குறும்பு ஒரு துளிகூட இல்லை.

“அவங்க மொழியிலதான் எழுதினேன். ஆனா மனசுல தமிழ்லதான் வந்துச்சு... ‘இவங்க எனக்கு வேண்டியவங்க’ன்னு.”

அவளுக்கு மழைச் சத்தம் நின்றுபோனது போலிருந்தது.

“அன்னிக்கு லாண்ட்ரியில உங்க கண்ணுல தண்ணியைப் பாத்தப்ப புரிஞ்சுது, இனி நான் நியாயமா முத்திரை குத்த முடியாதுன்னு.”

“மூணு வாரம்...” என்றாள் அவள். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“பணத்துக்கு நீங்க காத்துக்கிட்டிருக்கிறப்ப எப்படிங்க சொல்றது? ஆமான்னு சொன்னாலும், இல்லன்னு சொன்னாலும், நீங்க பயத்துல சொன்ன மாதிரி ஆயிடும். இப்ப நீங்க யாருக்கும் கடமைப்பட்டவங்க இல்ல. இல்லன்னு சொல்லிட்டு அடுத்த பஸ்ல ஏறலாம்.”

பேருந்து வந்து நின்றது. கதவு திறந்தது.

“எனக்குக் கோவம் இன்னும் போகல” என்றாள் அவள், நின்ற இடத்திலிருந்து நகராமல்.

“தெரியும்.”

“குறுக்கப் பேசாதீங்க. ஆய்வகத்துல ஒரு தட்டு நாத்து மொத்தமா கருகிப்போச்சு... உங்ககிட்டதான் சொன்னேன். சிட்டுவுக்குக் காதுவலி, ராத்திரி முழுக்க அழுதா... உங்ககிட்டதான் சொன்னேன். அண்ணன்கிட்ட முடியாதுன்னு சொல்லிட்டுப் போனை வெச்சப்பவும் உங்ககிட்டதான் சொன்னேன். இன்னிக்குக் கடிதத்தைப் பிரிச்ச உடனேயும்...”

அவன் விழித்தான். “என்கிட்டயா? எப்போ?”

“மனசுக்குள்ள.” கன்னத்தில் வழிந்ததை அவள் துடைக்கவில்லை. “மூணு வாரமா எதிர்ல பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். உள்ள பூரா உங்ககூடத்தான் பேசிக்கிட்டிருந்தேன்...”

பேருந்து கதவை மூடிக்கொண்டு புறப்பட்டது.

“இந்த ஊர்ல எனக்கு வேற ஆளில்லைங்கறதுக்காக இல்லைங்க” என்றாள், அவன் கண்களை நேராகப் பார்த்து. “என் ஜனம் மொத்தமும் சுத்தி நின்னிருந்தாலும்... உங்ககிட்டதான் சொல்லியிருப்பேன்.”