பொருந்தாத இரண்டு கையெழுத்து

துறைமுக வாசலில் எல்லாரும் உள்ளங்கையைக் காட்டிவிட்டு உள்ளே போனார்கள். நான் அட்டையை நீட்டினேன். "இன்றோடு முடிகிறது" என்றது வாசல்.

கன்டெய்னருக்குச் சங்கிலி இழுத்து இழுத்து என் ரேகை தேய்ந்துபோயிற்று. இங்கே கூலி, ரேஷன், வரிக்கணக்கு எல்லாம் உள்ளங்கை ஒப்பத்தில்தான். கை படியாதவன் காகிதத்தில் வரிக்கணக்குப் போட வேண்டும். வரி அலுவலகம் அதை ஏற்றால்தான் புது அட்டை. இல்லாவிட்டால் வேலையும் இல்லை, ரேஷனும் இல்லை.

என் கணக்கைப் போட்டுத் தந்த கணக்கர் ரோஸ்லெட் உடனே வரச் சொன்னாள். போனேன்.

"அண்ணாச்சி, காயிதம் திரும்பி வந்துட்டு. கையெழுத்து இல்லையாம்."

"எங்க போடணும்?"

"கடைசில ஒரு கோடு இருந்துச்சுல்லா? பக்கம் முடிஞ்சதுக்குப் போட்ட கோடுன்னு நெனச்சிட்டேன். எங்க ஆபீஸ்ல யாரும் கையெழுத்துப் போட்டுப் பாத்ததே இல்ல." அவள் முகம் வெளிறியிருந்தது. "போடத் தெரியுமா, அண்ணாச்சி?"

"போன வருசந்தான் முதியோர் பள்ளியில எழுதப் படிச்சேன், தாயி."

இரண்டு பிரதி. முதலாவதில் என் பெயர் 'ஞானதிரவியம்' மேலே ஏறிப் போனது. இரண்டாவதில் கீழே சரிந்தது.

"அழிச்சிட்டுப் போடட்டா?"

"அழிச்சா செல்லாது. வாங்க, ஓடுவோம்."

வரி அலுவலகத்தில் அதிகாரியம்மா இரண்டையும் ஒப்புநோக்கும் கருவியில் வைத்தார். "பொருந்தவில்லை" என்றது அது.

அவர் முத்திரையை எடுத்துக் குத்தினார்.

"பொருந்தலன்னுல்லா சொல்லுது, அம்மா?"

"பொருந்தினாத்தான் தள்ளுவோம், ஐயா. எந்திரம் போட்டா ரெண்டும் அச்சா இருக்கும். மனுசன் எப்பவும் ஒண்ணுபோல போடமாட்டான்."

ரோஸ்லெட் அப்போதுதான் மூச்சு விட்டாள். "மூணாவது ஒண்ணு போட்டிருந்தா தரையில எறங்கியிருக்கும், அண்ணாச்சி."

"நீ அந்தக் கோட்ட இனிமே விட்றாத, தாயி" என்றேன். இருவருமே சிரித்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்தேன். புது அட்டை சட்டைப்பையில் இருந்தது. அதைக் கதவில் வைத்தால் திறந்திருக்கும். வைக்கத் தோன்றவில்லை. கையால் தட்டினேன்.

"யாரது?" என்றாள் உள்ளேயிருந்து என் மனைவி பிரகாசி.

"நான்தான்."

திறந்தாள்.