இருமல் மருந்தின் வாசனை

மரக்கடை முதலாளி காலையில் நாற்காலியிலேயே பிணமாகக் கிடந்தார். பக்கத்தில் பாதி குடித்த டீ. முதலில் பார்த்து அலறியவள் மருமகள். டீ போட்டவளும் அவள்தான். வயிற்றில் பூச்சி மருந்து இருந்ததாகத் தெரிந்ததும் ஊரே தீர்ப்பு எழுதிவிட்டது. கட்டிய கணவன்கூட ஜெயில் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

வழக்கு நடந்த நீதிமன்றத்தின் கடைசி பெஞ்சில் ஒரு புது நிருபர், கோர்ட் செய்தி எழுதக் கற்றுக்கொண்டிருந்தாள். யார், யார் முன்னால், என்ன சொன்னார் என்பதை மட்டும் எழுது, எந்தப் பக்கமும் சாயாதே என்று செய்தி ஆசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார். சாயாமல் இருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. கூண்டில் நின்றவள் தினமும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் வரவில்லை.

அன்று, நீதிபதி கேட்டிருந்த மறுபரிசோதனை முடிவு சீல் வைத்த உறையில் வந்தது. அங்கேயே பிரித்துப் படித்தார்கள். டீயில் விஷம் இல்லை. வீட்டிலிருந்து எடுத்த இருமல் மருந்துப் புட்டியில்தான் இருந்தது. கூண்டில் நின்றவளின் முகத்தில் உயிர் வந்தது. அரசு வக்கீல் எழுந்து, மாமனாருக்கு மருந்து ஊற்றிக் கொடுப்பது யார் என்று கேட்டார்.

"நான்தான்யா," என்றாள். முகத்தில் வந்த உயிர் போய்விட்டது.

அடுத்த சாட்சி, இறந்தவரின் மகளைக் கட்டிய மாப்பிள்ளை. வெளியே சாட்சிகள் அறையில் இருந்தவரை அப்போதுதான் கூப்பிட்டார்கள். குடிக்கும்போது மாமனாருக்கு விஷத்தின் நாற்றம் தெரியாமலா இருந்திருக்கும் என்று அரசு வக்கீல் கேட்டார்.

"இருமல் மருந்து வாசனையே தூக்கலா இருக்கும். அதுல எங்க தெரியப்போகுது?"

நியாயம்தான் என்று பலரும் தலையாட்டினார்கள்.

இடைவேளையில் எழுத உட்கார்ந்த நிருபருக்குப் பேனா ஓடவில்லை. உறையைப் பிரித்தது யார் முன்னால்? மாப்பிள்ளை உள்ளேயே இல்லையே! சாட்சிகள் அறைக் காவலரிடம் ஓடினாள். யாரும் அவரிடம் பேசவில்லை, போனையும் தானே வாங்கி வைத்திருந்ததாகச் சொன்னார். மருமகளின் வக்கீல் எல்லாம் முடிந்தது என்று கேஸ் கட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் மூச்சிரைக்கப் போய் நின்றாள்.

"சார், செய்திக்காக ஒண்ணு சரிபார்க்கணும். போலீஸ்ல மாப்பிள்ளை எதுல விஷம்னு சொன்னாரு?"

"டீயிலன்னுதான். எல்லாரும் அப்படித்தானே சொன்னாங்க."

"இன்னைக்கு வரைக்கும் மருந்துன்னு யாருமே சொல்லல. நாம உறையைப் பார்த்துத் தெரிஞ்சுகிட்டோம். அவரு வெளியில இருந்தாரு, ஆனாலும் இருமல் மருந்துன்னாரு. நம்ம காதுக்கு அது பழைய சேதி மாதிரி இருந்ததால யாருக்கும் உறைக்கல. கலந்தவனுக்குத்தானே சார் அது தெரியும்?"

வக்கீல் அவளையே பார்த்தார். பிறகு கேஸ் கட்டை மறுபடி அவிழ்த்தார்.

குறுக்கு விசாரணையில் அவர் கேட்டது ஒரே கேள்வி: மருந்தில்தான் விஷம் என்று உங்களுக்கு யார் சொன்னது? மாப்பிள்ளை போலீசைக் கைகாட்டினார். தனக்கே இன்றுதான் தெரியும் என்றார் இன்ஸ்பெக்டர். உடனே மாப்பிள்ளை பேப்பரில் படித்ததாகச் சொன்னார். எந்தப் பேப்பரிலும் வரவில்லை. மாமனார் மரக்கடையை மகன் பேருக்கு எழுதப் போனதால்தான் செய்தேன் என்று சாயங்காலம் போலீசிடம் ஒப்புக்கொண்டார்.

ஆனால் அதற்கு முன்பே நீதிபதி மருமகளைக் கூண்டை விட்டு இறங்கச் சொல்லியிருந்தார். இறங்கினாள். நான்கடி நடந்தவள் நின்றுவிட்டு, காவலுக்கு வந்த பெண் போலீசிடம் மெல்லக் கேட்டாள்:

"அக்கா, இப்ப நான் எங்க போய் நிக்கணும்?"