மடைக்காரன் வல்லான்

காலை ஆறு மணிக்கு, எல்லாப் புத்தகங்களையும் வைத்திருக்கும் மின்கிடங்கான ஏட்டுவானம் புதுப்பிக்கப்படும். ஊர் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே அவரவர் கையேட்டுத் திரையில் உள்ள புத்தகங்கள் சத்தமில்லாமல் திருத்தப்பட்டுவிடும். காகிதப் புத்தகம் யாரிடமும் இல்லை. நேற்றுப் படித்த வரி இன்று எங்கே என்று யாரும் கேட்பதும் இல்லை.

சரித்திர நாவலாசிரியர் தில்லைக்கரசியிடம் குரலொப்பம் வாங்கச் சான்றாளர் அன்வர்தீன் வந்திருந்தார். ஏட்டுவானம் திருத்திய பதினோரு நாவல்களும் தன்னுடையவைதான் என்று எழுதியவரே தன் குரலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"சம்மதம்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா, கிளம்பிடறேன்."

"என் நாவல்ல வர்ற வல்லான் யாருப்பா?"

"தளபதி. பஸ் ஸ்டாண்டுல வாளோட சிலையா நிக்கிறாரே."

"நான் எழுதினது மடைக்காரன். பஞ்சத்துல ராஜா கட்டளையை மீறி ஏரி மடையைத் திறந்துவிட்டவன். வாளைக் கண்டா ஓடிப்போறவன்."

நாவலை மின்னேடாக்கிய எழுத்துணரி, மங்கிய அச்சில் 'ம'வைப் 'ப' என்று படித்துவிட்டது. மடை படையாயிற்று. 'படையைத் திறந்தான்' பொருந்தவில்லை என்று மறுநாள் காலை 'படையைத் திரட்டினான்' என்று அதுவே மாற்றிக்கொண்டது. பிறகு பாடநூல். பிறகு சிலை. இப்போது அந்தச் சிலைதான் சான்று.

"இருபது வருஷமா பிள்ளைங்க பரீட்சையில அதைத்தானேம்மா எழுதுறாங்க. நீங்க மறுத்தா பதினொண்ணையும் மூடிடுவாங்க. உங்க பேரைத் தேடுறவங்களுக்கு உங்க மறுப்புக் குரல் மட்டும்தான் கேக்கும்."

"அதையும் திருத்துவீங்களோ?"

"குரல்ல கை வைக்க முடியாது. வச்சா சான்றே செல்லாது."



"மறுப்பு எவ்வளவு நேரம் பேசலாம்?"

அன்வர்தீன் விதிகளைத் தேடினார். "வரம்பு எதுவும் போடலை. இதுவரைக்கும் யாரும் மறுக்கலையே."

"மத்த பத்தும் எனக்கே மனப்பாடம் இல்லை," என்றார் தில்லைக்கரசி. தண்ணீர் குடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "இது ஒண்ணு முழுசா மனசுல இருக்கு. பதிவைப் போடு."

சிவப்பு விளக்கு எரிந்தது.

"முடியாது. அவன் மடைக்காரன். மரத்துக்கு வர்ற ம, மண்ணுக்கு வர்ற ம. அத்தியாயம் ஒன்று."

எப்போது முடியும் என்று கேட்க வாயெடுத்த அன்வர்தீன், தன் குரலும் பதிவாகிவிடும் என்று நினைத்து நிறுத்திக்கொண்டார். சத்தம் வராமல் நாற்காலியைத் தூக்கி வைத்து உட்கார்ந்தார்.

அதற்குள் தில்லைக்கரசியின் குரலில் வல்லான் ஏரிக்கரையில் ஏறியிருந்தான். கையில் மண்வெட்டி.