இரண்டரைச் சுற்று

'கரக்...'

காலடியில் ஏதோ நொறுங்கியது. ஞானஜோதி பதறிப்போய்ச் செருப்பைத் தூக்கிப் பார்த்தாள். கறுப்புச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி... இரண்டு கண்ணும் போய், ஒரு காதும் ஒடிந்து கிடந்தது.

தாம்பரம் ஸ்டேஷன் மேற்குப் பக்கப் படிக்கட்டு. சாயங்கால மழை. ரயிலிலிருந்து இறங்கிய கூட்டமெல்லாம் ஒரே கூரைக்குள் ஒதுங்கப் பார்த்த நேரம். யாரோ இடித்ததில் எதிரே நின்ற இளைஞனின் கண்ணாடி விழுந்திருக்கிறது. விழுந்த இடத்தில் சரியாக அவள் கால்.

"ஐயோ... சாரி சார்!"

"சாரி இருக்கட்டும். எனக்கு எதிர்ல நிக்கிறது ஆளா தூணான்னே தெரியல."

"தூண் சாரி கேக்குமா?"

"தாம்பரத்துல எதுவும் நடக்கும்ங்க."

சிரிப்பு வந்தது அவளுக்கு. அடக்கிக்கொண்டாள். படியோரம் பூ விற்றுக்கொண்டிருந்த கிளியம்மாள்தான் நடுவில் புகுந்தாள்.

"இன்னாம்மா, பாத்து வரக் கூடாதா? அந்தத் தம்பி இப்ப எப்பிடி வூட்டுக்குப் போவும்?"

ஞானஜோதி அவனை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடி இல்லாத அந்தக் கண்கள்... தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்ட குழந்தையின் கண்கள் மாதிரி மழையைப் பார்த்து விழித்தன. இமை நுனியில் ஒரு சொட்டு, விழலாமா வேண்டாமா என்று நின்றது.

"வாங்க. சண்முகம் ரோட்டுலதான் என் கடை. கண்ணாடிக் கடை."

"மிதிச்சிட்டு வியாபாரமும் பிடிக்கிறீங்களா?"

"குடைக்குள்ள வர்றீங்களா, இல்ல தூணைக் கட்டிக்கிட்டு இங்கேயே நிக்கிறீங்களா?"

வந்தான்.

கடையின் உள்ளறை இருட்டாக இருந்தது. அவள் சின்ன விளக்கை அவன் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"தலையை ஆட்டாதீங்க. என் காதைப் பாருங்க."

"காது இருக்கிற திசை மட்டும்தான் தெரியுது."

"அது போதும். என்ன வேலை பண்றீங்க?"

"நீச்சல் கோச். அதுலயும் ஆர்ட்டிஸ்டிக் ஸ்விம்மிங். பாட்டுக்கு ஏத்த மாதிரி தண்ணியில ஆடுறது. மீனுக்கு டான்ஸ் சொல்லித் தர்றவன்னு பம்மல்ல என் பேரே மீன் மாஸ்டர். நிஜப் பேர் ஜெர்சன்."

விளக்கைப் பிடித்திருந்த கை ஒரு நொடி நின்றது.

"என்ன, சிரிக்கலயா? எல்லாரும் சிரிப்பாங்க."

"இல்ல... சொல்லுங்க."

சொன்னான். பதினேழு வயதுத் தங்கை ஆஷாவைப் பற்றி. அப்பா அம்மா போன பிறகு அவளை வளர்த்ததும், நீந்தப் பழக்கியதும் அவன்தான். மாநிலப் போட்டியில் தனி ஆட்டம். தலைகீழாக நின்று, இரண்டு கால்களையும் தண்ணீருக்கு மேலே ஊசி மாதிரி நிறுத்தி, சுற்றிக்கொண்டே உள்ளே இறங்க வேண்டும். மூன்று சுற்று. அழகாக இறங்கினாள். தங்கம் நிச்சயம் என்று எல்லோரும் கை தட்டினார்கள். மதிப்பெண் பலகையில் பார்த்தால்... அந்தப் பகுதி மொத்தத்துக்கும் 'பேஸ் மார்க்'. ஏழாவது இடம்.

"யாரோ ஒரு பொம்பள, கன்ட்ரோலராம். வீடியோவைப் பார்த்துட்டு சுத்து முழுசா இல்லன்னுட்டா. அன்னையிலேர்ந்து என் தங்கச்சி குளத்துப் பக்கமே வரல. அந்தம்மாவை ஒரு நாள் உங்ககிட்ட கூட்டிட்டு வரணும் மேடம். ஃப்ரீயா கண் டெஸ்ட் பண்ணுவீங்களா?"

ஞானஜோதி எதிர்ச் சுவரில் இருந்த எழுத்துப் பலகையின் விளக்கைப் போட்டாள்.

"கடைசி வரியைப் படிங்க."

அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது.

ஏனென்றால் அந்தப் பொம்பளை அவள்தான். கல்லூரி நாட்களில் அவளும் நீந்தியவள். தோள்பட்டை கெட்டுப்போனதும் நடுவர் பரீட்சை எழுதி, போட்டிகளுக்குப் போய்வந்தாள். குளத்தின் மறுகோடியில், பந்தலுக்கடியில், வீடியோ திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆட்டத்தைச் சரிபார்க்கும் கன்ட்ரோலரின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. நீந்துகிறவள் என்னென்ன செய்யப்போகிறாள் என்று கோச் முன்கூட்டியே கார்டில் எழுதித் தந்துவிட வேண்டும். எழுதியதில் துளி குறைந்தாலும் செய்தது எதுவும் கணக்கில் வராது. அந்தப் பகுதிக்கே ஆகக் குறைந்த மதிப்பெண். அதுதான் பேஸ் மார்க். அன்றைக்கு வீடியோவை மெதுவாக ஓடவிட்டு அந்தக் கால் விரல்களை அவள் மூன்று தடவை பார்த்தாள். இரண்டரைச் சுற்றில் அவை முங்கிவிட்டன. விதி சொன்னதைச் செய்தாள். வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை.

சொல்லிவிடு, சொல்லிவிடு என்றது மனசு. ஆனால் அவள் அங்கேயே பொருத்தித் தந்த புதுக் கண்ணாடி வழியாக அவன் அவளை முதன்முதலாகத் தெளிவாகப் பார்த்து, "ஓ... தூண் இல்ல" என்று மெல்லச் சொன்னானே... அங்கேயே அவள் வாய் அடைத்துப்போனது.

அதற்குப் பிறகு அவன் அடிக்கடி வந்தான். மூக்கில் அழுத்துகிறது என்று ஒரு நாள். காதில் வழுக்குகிறது என்று ஒரு நாள். அப்புறம் காரணம் சொல்வதையே விட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடந்தார்கள். அவள் வீடு அங்கேதான்.

"ஜோதி, ஒரு நல்ல சேதி. விதியை மாத்தப் போறாங்க. மூணு சுத்துன்னு எழுதி ரெண்டரை சுத்தினா, சுத்தினதுக்கு மார்க் உண்டாம். இப்ப வெறும் முன்மொழிவுதான். கோச், நடுவர் எல்லாரையும் கூப்பிட்டு சேலையூர்ல கருத்துக் கேக்குறாங்க. நான் பேசப் போறேன்."

"நல்ல மாற்றம்தான்..."

"அன்னைக்கே இந்த விதி இருந்திருந்தா ஆஷாவுக்கு மெடல். அந்தக் கண்ணு தெரியாதவளை எல்லார் எதிர்லயும் நாலு கேள்வி கேக்கணும்."

ஏரித் தண்ணீர் காற்றில் சுருங்கியது. இப்போது சொன்னால் இவன் எழுந்து போய்விடுவான்... நாளைக்குச் சொல்லலாம். அந்த நாளை வரவேயில்லை.

கூட்டத்துக்கு முந்தின வாரம் அவனே ஆஷாவைக் கடையில் கொண்டுவந்து விட்டான். தலைவலியாம், கண் பார்க்க வேண்டுமாம். அவன் டீ வாங்கப் போனதும், அதுவரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்தாள்.

"அக்கா... நீங்கதானே அந்த டேபிள்ல இருந்தது?"

ஞானஜோதி வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் பார்த்தேன்க்கா. மார்க் போட்டதும் நீங்க எழுந்து பந்தலுக்குப் பின்னாடி போய் நின்னீங்க. பயப்படாதீங்க, அண்ணாகிட்ட சொல்லல. நீங்க சரியாதான் பார்த்தீங்க."

"ஆஷா..."

"எனக்கு ஒரு நாள்கூட மூணு வந்ததில்லக்கா. ப்ராக்டீஸ்லயும் ரெண்டரைதான். வேணாண்ணா, ரெண்டுன்னே போடுங்கன்னு அழுதேன். மூணு போட்டாதான் தங்கம்னு கார்டுல எழுதிட்டாரு. இப்ப ஊர்ல எல்லார்கிட்டயும் நடுவர் ஏமாத்திட்டாங்கன்னு சொல்றாரு. அவர் சொல்லச் சொல்ல எனக்குத் தண்ணியைப் பார்த்தாலே குமட்டுது."

டீயோடு ஜெர்சன் திரும்பி வந்தான். "என்ன, ரெண்டு பேரும் அதுக்குள்ள ஃப்ரெண்ட்ஸா?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க ஞானஜோதிக்கு நெஞ்சு கசந்தது. எவ்வளவு நல்லவன்... எவ்வளவு பெரிய பொய்யைத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருக்கிறான்!

சேலையூர் மண்டபத்தில் ஐம்பது பேர் இருந்தார்கள். நீச்சல் சங்கச் செயலாளர் ஸ்ரீநிவாசராகவன் மேடையில். ஞானஜோதி உள்ளே நுழைந்ததும் ஜெர்சன் முகம் மலர்ந்தது. தன் பேச்சைக் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான் பாவம். பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினான். அவள் தலையைக் குனிந்துகொண்டு பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

நன்றாகத்தான் பேசினான். குழந்தைகள் எடுக்கிற முயற்சிக்கு மதிப்பு வேண்டும் என்றான். கை தட்டினார்கள். தட்டத் தட்ட அவனுக்குச் சூடேறியது.

"என் தங்கச்சி மூணு சுத்து சுத்தினா. பார்த்தவங்க எல்லாருக்கும் தெரியும். அந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தவங்களுக்கு மட்டும் தெரியல. அவங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருந்தா..."

"இருக்கு."

மண்டபம் திரும்பிப் பார்த்தது. ஞானஜோதி எழுந்து நின்றிருந்தாள்.

"அன்னைக்கு கன்ட்ரோலர் நான்தான். என் பேர் ஞானஜோதி." செயலாளர் பக்கம் திரும்பினாள். "இந்த விதி கொடுமையானது. மாத்தணும். என் கருத்தா அதை எழுதிக்குங்க சார். ஆனா நான் தப்பாப் பார்க்கல. அது ரெண்டரைச் சுத்து. நீந்தினவளுக்கே தெரியும். அந்தப் பொண்ணு தன்னால முடிஞ்சதை ஒரு பிசகு இல்லாம செஞ்சா. முடியாததை அவ பேர்ல எழுதினது யாருன்னு... மிஸ்டர் ஜெர்சன்தான் சொல்லணும்."

ஜெர்சன் பின்வரிசைக்கு இறங்கி வந்தான். அவன் கேட்டது ஒரே கேள்வி. அதுவும் அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"ஏரிக்கரையிலயும் நீதானே இருந்த?"

போய்விட்டான்.

இரண்டு மாதம். அவன் போன் செய்யவில்லை, அவளும் செய்யவில்லை. நான் ஏன் செய்ய வேண்டும் என்றது ரோஷம். முதல் நாளே சொல்லியிருந்தால் இந்த அவமானம் அவனுக்கு நேர்ந்திருக்காதே என்றது இன்னொரு குரல். கடைக்கு யார் வந்தாலும் கதவுப் பக்கம் கண் போயிற்று. முன்மொழிவு விதியாகிவிட்டது, அடுத்த பருவத்திலிருந்து அமல். சங்கத்திலிருந்து வந்த செய்தியைப் படித்துவிட்டு அவள் அழுதாள். ஆஷா அதற்குள் நாகர்கோவிலில் நர்சிங் சேர்ந்து போய்விட்டாள். நீச்சல் உடையை எல்லாம் எதிர்வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டதாக அவள் அனுப்பிய குறுஞ்செய்தியில் ஒரு வருத்தமும் இல்லை. அதுதான் வலித்தது.

ஒரு புதன்கிழமை மத்தியானம். கடையில் யாரும் இல்லை. ஜெர்சன் வந்து நின்றான். இளைத்திருந்தான். தாடி.

"உட்காருங்க" என்றாள்.

உட்காரவில்லை. "ஊருக்குப் போறதுக்கு முந்தின நாள் ஆஷா எங்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொன்னா. 'அண்ணா, உங்களுக்குத் தங்கம் வேணும். எனக்கு அண்ணன் போதும்னு நெனச்சேன்.' அவ்வளவுதான். நான்தான் ஜோதி. கார்டுல எழுதுறப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எழுதினேன். பழி போட ஒரு ஆள் வேணும்னு நீ இருந்த நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டேன்."

அவள் மேசையிலிருந்த ஒரு சட்டத்தை எடுத்துத் துடைத்தாள்.

"உன்னை எனக்குப் பிடிக்கும். பிடிக்கும்ங்கிறது சின்ன வார்த்தை... நீ இல்லாம ரெண்டு மாசம் எப்படிப் போச்சுன்னு எனக்குத்தான் தெரியும். உன்னை லவ் பண்றேன் ஜோதி. என்னை என்ன வேணா திட்டு."

எத்தனை இரவு இந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள்! வந்துவிட்டது. இனிக்க வேண்டும். இனிக்கவில்லை.

"இதை ஆஷாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"எதை?"

"இப்ப எங்கிட்ட சொன்னீங்களே... நான்தான்னு."

அவன் தரையைப் பார்த்தான்.

"சொல்லல. அப்படித்தானே? எங்கிட்ட சொல்றது சுலபம். நான் உங்களைப் பார்த்து உருகிடுவேன்னு உங்களுக்குத் தெரியும்." அவள் கண்ணில் நீர் முட்டியது. "உருகத்தான் செய்யிறேன். எனக்கும் உங்களை... முதல் நாள் வாயை மூடிக்கிட்டேனே, அப்பவே எனக்குத் தெரியும், நான் விழுந்துட்டேன்னு. நானும் சுத்தமில்ல ஜெர்சன். ஆனா அந்தப் பொண்ணு தண்ணியையே விட்டுட்டுப் போயிட்டா. அவ விட்டதை மிதிச்சுக்கிட்டு நாம ரெண்டு பேரும் கை கோத்து நிக்க முடியாது."

"அவ என் போனை எடுக்கிறதில்ல."

"எடுக்கிற வரைக்கும் கூப்பிடுங்க."

"எடுக்கவே இல்லன்னா?"

அவள் வாசலுக்குப் போனாள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு ஆள் உட்காருகிற இடம் விட்டு அவனும் உட்கார்ந்தான். போனை எடுத்து அழுத்தினான். மணி போய்க்கொண்டே இருந்தது... நின்றது. மறுபடி அழுத்தினான். மறுபடி நின்றது.

ஞானஜோதி அவன் பக்கம் திரும்பவில்லை. அங்கிருந்து எழவும் இல்லை.

"இன்னொரு தடவை" என்றாள்.