முதல் அடியின் மரியாதை

ஏரியில் எறிந்த கழி வாசல் தூணில் சாய்ந்து நின்றது.

வேறு கழியாக இருக்கும் என்றுதான் தணிகைவேல் முதலில் நினைத்தார். சவுக்குத் தோப்பு உள்ள ஊரில் கழிக்கா பஞ்சம்? ஆனால் பிடியில் அவர் சுற்றியிருந்த சிவப்புத் துணி அப்படியே இருந்தது. நுனியிலிருந்து சேற்றுநீர் சொட்டி வாசல் கோலத்தை மெல்லக் கரைத்துக்கொண்டிருந்தது.

போன மாதம் மோட்டார் கொட்டகைகளில் செம்புக் கேபிள் களவு போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் கரும்புக்கொல்லை ஓரம் பையோடு நின்ற வெளியூர்க்காரன் ஒருவனை ஊர் பிடித்தது. களவுக்கு வீட்டுக்கு ஓர் அடி என்பது ஊர் வழக்கம். எல்லோரும் அடித்தால் யாரும் அடித்ததாகாது. போலீஸ் கேட்டால் ஊர் அடித்தது என்றால் போதும். தேரோட்டத்தில் முதல் மாலை எந்த வீட்டுக்கோ, முதல் அடியும் அந்த வீட்டுக்கு. மூன்று தலைமுறையாக அது தணிகைவேலின் வீடு. தாம்பாளத்தில் வெற்றிலையோடு கழியை வைத்து நீட்டினார்கள். தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரு கைகளாலும் வாங்கினார். கட்டப்பட்டிருந்தவன் தண்ணீர் கேட்டான். இடது காதுக்கு மேல் முதல் அடி விழுந்தது. கடைசி வீட்டின் முறை வந்தபோது அவன் உயிரோடு இல்லை. பையைப் பிறகுதான் திறந்தார்கள். மாற்றுச் சட்டை ஒன்று. சோற்று டப்பா ஒன்று.

களவு அன்றோடு நின்றது. நின்றதா இல்லையா என்று கேட்டே அவர் எல்லார் வாயையும் அடைத்தார். ஸ்டேஷன் வருஷக்கணக்கில் செய்யாததை ஊர் ஒரு பொழுதில் செய்துவிட்டது என்றார். கழியை மட்டும் தானே கொண்டுபோய் பாகூர் ஏரியில் வீசினார்.

விளக்கு வைக்கும் நேரம் கரண்ட் போனது. மழை விட்ட தெருவில் தவளைச் சத்தம்கூட இல்லை. மனைவி ஆதிலட்சுமி சிம்னி விளக்கோடு வந்தாள்.

"இன்னாங்க, எதிர்வூட்லயும் ஆளக் காணோம். கதவு தொறந்து கெடக்குது."

"ராஜ்மோகன் எங்க?"

"எதிர்வூட்டு தமிழ்க்குமரன் வந்து புள்ளய இட்டுனு போனான். ஊர்ல ஒரு பேச்சாம்."

"என்னைக் கூப்பிடாம இன்னாடி பேச்சு?"

"அப்பறமா வந்து மொறையா அழைப்பாங்களாம்." அவள் தயங்கினாள். "நம்ம தாம்பாளத்த வாங்கினு போனான்."

கொல்லைப்புறத்திலிருந்து ஒரு வாடை வந்தது. தீய்ந்த ரப்பர் வாடை, ஈர வைக்கோலின் புளிப்போடு கலந்து, தொண்டையில் எண்ணெய்போல் ஒட்டியது. சிம்னியை வாங்கிக்கொண்டு வாடையின் பின்னாலேயே போனார். மாட்டுக்கொட்டகையில் மாடுகள் எல்லாம் சுவர்ப்பக்கம் முகம் திருப்பி நின்றன. வைக்கோல் போருக்கு அடியில் ஒரு சாக்கு. வாய் கட்டியிருந்தது மகனுடைய துண்டு. உள்ளே செம்புக் கம்பி, சுருள் சுருளாக. ஒரு சுருளில் தோல் பாதிதான் எரிந்திருந்தது. மிச்சத்தில், தன் மோட்டார் கேபிளுக்கு அவரே அடையாளத்துக்குப் பூசிய நீலப் பெயின்ட்.

களவு ஏன் நின்றது என்று அப்போது தெரிந்தது. அன்று கூட்டத்தில் ராஜ்மோகன் அவருடைய முதுகுக்குப் பின்னால்தான் நின்றான்.

அப்போதும் செத்தவன் முகம் நினைவுக்கு வரவில்லை. வீட்டின் பெயர்தான் வந்தது. இதையும் ஏரியில் போட்டுவிட வேண்டும். யாரும் பார்ப்பதற்குள். சாக்கைத் தூக்கினார்.

வாசலில் சத்தம்.

கழிகள் தரையைத் தட்டும் சத்தம். ஒன்று. பிறகு பல. பிறகு ஒரே தாளமாக.

சாக்கைப் போட்டுவிட்டு நடையைக் கடந்து வந்தார். தூணில் கழி இல்லை. ஈரம் மட்டும் இருந்தது.

தெரு நிறைய ஊர். வீட்டுக்கு ஓர் ஆள். விளக்குக் கம்பத்தில் ராஜ்மோகனைக் கட்டியிருந்தார்கள். கழுத்தில் செம்புக் கம்பி, மாலைபோல.

"அப்பா," என்றான். "தண்ணி."

கூட்டம் விலகி வழிவிட்டது. ஒருவன் தாம்பாளத்தோடு படியேறி வந்தான். வெற்றிலை. அதன்மேல் ஈரக் கழி. குனிந்த தலையின் இடது பக்கம், காதுக்கு மேல், இருக்க வேண்டிய எலும்பு இல்லை.

அவன் தாம்பாளத்தை நீட்டினான். மிகுந்த மரியாதையோடு. ஊர் காத்திருந்தது.

தணிகைவேல் தோளைத் தொட்டுப் பார்த்தார். துண்டு அங்கே இல்லை. அது ஏற்கெனவே இடுப்பில் இறுகியிருந்தது. இரு கைகளும் முன்னால் நீண்டிருந்தன.