நெல்லிக்கோட்டைக் காதுகுத்து

காலையில் இட்லி வேகும் நேரத்துக்குள் சுரேந்தர் ஏழு நாடுகளைப் பிடித்துவிட்டான். சட்னி தாளிப்பதற்குள் எட்டாவது நாடு தானாகவே வந்து சரணடைந்தது. பாவம், பல் தேய்க்கக்கூட அவனுக்கு நேரமில்லை.

இதெல்லாம் நடந்தது கணபதி என்ற பகுதியில், லேத் பட்டறைகளுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்னத் தெருவில். 'குலக்கொடி' என்ற விளையாட்டில் அந்தத் தெருப் பிள்ளைகள் ஆறு பேருக்கும் ஆளுக்கொரு ராஜ்ஜியம் இருந்தது. மீதி நாடுகளை விளையாட்டே பார்த்துக்கொள்ளும். நமக்கு ஒரு நாள் என்றால் அங்கே ஒரு வருஷம். ராஜாவுக்குக் கல்யாணம் ஆகும், பிள்ளை பிறக்கும், ராஜா போனால் பிள்ளை பட்டத்துக்கு வரும். நாடு முழுவதையும் இழந்தவர் ஆட்டத்தை விட்டு வெளியே. பள்ளிக்கூடம் திறக்கும்வரை உள்ளே வர முடியாது.

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஒன்பது நாட்கள் இருந்தன.

தேஜஸ்ரீ தன் அம்மாவின் போனில் குளம் வெட்டிக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டு இளவேனில் அழுதுகொண்டே வந்தாள். தேஜஸ்ரீக்குப் பத்து வயது. இளவேனிலுக்கு எட்டு. அவள் அழுதால் பட்டறைகளில் லேத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார்கள்.

"தேஜூக்கா, சுரேந்தர் அண்ணா நாலு மணிக்கு நெல்லிக்கோட்டையப் புடிக்கப் போறாருங்களாம். எனக்கு அது ஒண்ணுதான் பாக்கி!"

"உங்க ராஜா நல்லாத்தானே இருந்தாரு?"

"வேட்டைக்குப் போனாருங்க. குதிரை மட்டும் திரும்பி வந்துச்சுங்க. இப்ப பாப்பாதான் ராஜா. ஒரு வயசு."

தேஜஸ்ரீக்குப் புரிந்துவிட்டது. வேகமாக நாடு பிடிக்கும் உபாயங்களைச் சுரேந்தர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தான். குழந்தை ராஜா இருக்கும் நாட்டை முதலில் அடி என்பது அதில் ஒன்று. யாராவது விருந்துக்குக் கூப்பிட்டால் போகாதே என்பது இன்னொன்று. விருந்துக்குப் போன ராஜா, விருந்து வைத்த நாட்டோடு பத்து வருஷம் போரிடக் கூடாது என்பது விளையாட்டின் சட்டம். அதனால், வந்த அழைப்பையெல்லாம் சுரேந்தர் படிக்காமலே தள்ளிவிடுவான்.

"நான் ஒம்பது தடவ விருந்துக்குக் கூப்பிட்டேனுங்கக்கா. ஒம்பது தடவையும் தள்ளிட்டாரு."

இருவரும் சுரேந்தர் வீட்டுக்கு ஓடினார்கள். கணினித் திரையில் நெல்லிக்கோட்டை வாசல் தெரிந்தது. அதற்கு வெளியே இருபதாயிரம் வீரர்களும் முந்நூறு யானைகளும் நின்றார்கள். அத்தனை யானைகளைத் தாங்க முடியாமல் மேலே மின்விசிறி மெதுவாகச் சுற்றியது.

"அண்ணா, பாப்பா ராஜாங்கண்ணா. உட்டுருங்களேன்" என்றாள் தேஜஸ்ரீ.

"ராஜாவுல பாப்பா என்ன, தாத்தா என்ன?" என்றான் சுரேந்தர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நீ ஊடால வந்தீன்னா நாளைக்கு உன் நாடுதான், பாத்துக்க."

அவனுக்குப் பதின்மூன்று வயது. முப்பது வயதுக்காரர் போலப் பேசுவான்.

தெருவுக்குத் திரும்பியதும் தேஜஸ்ரீ இளவேனிலின் போனை வாங்கி, குட்டி ராஜாவின் குடும்ப மரத்தைத் திறந்து பார்த்தாள். அப்பாவின் படம் சாம்பல் நிறமாகிவிட்டது. பக்கத்தில் அம்மாவின் படம்.

"இந்த ராணி எந்த ஊரு?"

"சுரேந்தர் அண்ணா ராஜாவோட தங்கச்சிங்க. அவருதான் கட்டிக் குடுத்தாரு."

அதுவும் நோட்டில் இருந்த உபாயம்தான். சண்டை போடாமல் பக்கத்து நாட்டுக்குள் கால் வைக்க, தங்கையைக் கட்டிக் கொடு. சுரேந்தரின் ராஜாவுக்கு நான்கு தங்கைகள். இளவேனிலின் நாட்டுக்கு ஒன்று, தெருவில் மற்ற மூன்று பேரின் நாடுகளுக்கு மூன்று என்று ஒரே வாரத்தில் நாலு கல்யாணம் முடித்துவிட்டான். ஐந்தாவது தங்கை இருந்திருந்தால் தேஜஸ்ரீயின் நாட்டுக்கும் வந்திருப்பாள்.

"இளவேனில், உங்க ராஜாவுக்குக் காது குத்தியாச்சா?"

"இல்லீங்களே."

"அழுவாத கண்ணு. உங்க ஊட்டுல ஒரு தட்டு எடுத்துட்டு வா."

தட்டு வந்தது. வெற்றிலை, பாக்கு, குங்குமச் சிமிழ், இரண்டு வாழைப்பழம். சுரேந்தர் வீட்டு வாசலுக்குப் போவதற்குள் வாழைப்பழம் ஒன்றாகிவிட்டது. இளவேனிலின் வாய் அசைந்துகொண்டிருந்ததைத் தேஜஸ்ரீ கவனிக்காததுபோல நடந்தாள்.

இந்த முறை அவள் சுரேந்தரைக் கூப்பிடவில்லை.

"ஏனுங்க அத்தை!" என்று அவன் அம்மா புவனாவைக் கூப்பிட்டாள்.

புவனா வெளியே வந்தார். தட்டைப் பார்த்ததும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டார். "என்ன விசேஷம் அம்மணி?"

"எங்க ராஜாவுக்குக் காதுகுத்துங்க" என்றாள் இளவேனில். "ஒரு வயசாச்சுங்க."

"நாலு மணிக்குங்க அத்தை, நெல்லிக்கோட்டையில" என்றாள் தேஜஸ்ரீ. "சுரேந்தர் அண்ணாவோட ராஜாதான் தாய்மாமனுங்க. பாப்பாவ அவரு மடியில உக்கார வெச்சுத்தான் குத்தோணும். அதான் நேர்ல கூப்பிட வந்தோமுங்க."

புவனா சிரிக்கவில்லை. இரண்டு கைகளாலும் தட்டை வாங்கிக்கொண்டார்.

"அம்மா! அது கேமும்மா!" என்று உள்ளேயிருந்து அலறினான் சுரேந்தர்.

"கேமா இருந்தா என்னடா? தட்டு நெசந்தானே?"

"கோட்டையப் புடிக்கறதுக்குப் படை நிக்குதும்மா!"

"படையோட வந்தா வந்துட்டுப் போகட்டும், எல்லாத்துக்கும் சோறு போடுவாங்க. உன்ற காதுகுத்துக்கு உங்க மாமன் ஈரோட்டுல இருந்து வேன் வெச்சு வந்தாரு. அவிநாசியில டயரு பஞ்சரு. பதினேழு சீர்த்தட்டையும் தலையில அடுக்கிட்டு நடந்தே வந்தாருடா. ஒரு முறுக்கு ஒடையல. நீ அடுத்த தெருவுக்குக்கூடப் போக வேண்டியதில்ல, ஒரு பட்டன அமுத்தறதுக்கு வலிக்குதா?"

பதினேழு தட்டைத் தலையில் சுமந்த மாமனுக்கு எதிராக என்ன பேச முடியும்?

நான்கு மணிக்கு நெல்லிக்கோட்டையின் கதவு திறந்தது. இளவேனில் சுரேந்தர் பக்கத்தில் உட்கார்ந்து, பத்தாவது தடவையாக விருந்துக்கு அழைப்பு அனுப்பினாள். சுரேந்தர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு 'வருகிறேன்' என்பதை அழுத்தினான். அவனுடைய ராஜா வாளைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். இருபதாயிரம் வீரர்களும் வெளியே பந்தியில் உட்கார்ந்தார்கள். யானைகளுக்கு மட்டும் இலை பத்தவில்லை.

திரையில் குட்டி ராஜா மாமனின் மடியில் ஏறி உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் மாமனின் மீசையைப் பிடித்து இழுத்தான்.

சுரேந்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோல மறைத்தான்.

"இவனுக்கு என்ன பேரு?"

"இன்னும் வெக்கலீங்கண்ணா" என்றாள் இளவேனில். "மாமன் வந்து வெக்கட்டும்னு உட்டுட்டேன்."

சுரேந்தர் சற்று நேரம் கன்னத்தைச் சொறிந்தான். 'சென்னிமலை' என்று தட்டச்சு செய்தான். பிறகு, யாரும் கேட்காமலே, போன வாரம் அவளிடம் பிடித்த மூன்று ஊர்களையும் சீர் என்று எழுதிக் கொடுத்தான். கூடவே ஒரு யானை.

"ரெண்டா குடுங்கண்ணா, ஒண்ணு தனியா அழுவும்" என்றாள் இளவேனில்.

இரண்டு யானைகள் போயின. மின்விசிறி கொஞ்சம் வேகமாகச் சுற்றியது.

அவர்கள் போனதும் சுரேந்தர் நோட்டை எடுத்தான். 'தங்கையைக் கட்டிக் கொடு' என்று எழுதியிருந்ததைக் கோடு போட்டு அடித்தான். அடித்த பிறகுதான் மீதி மூன்று தங்கைகளின் ஞாபகம் வந்தது.

யாரோ கதவைத் தட்டினார்கள். எட்டிப் பார்த்தான். மூன்று பிள்ளைகள் வாசலில் வரிசையாக நின்றார்கள், ஆளுக்கொரு தட்டோடு. அவர்களுக்குப் பின்னால் நல்ல பிள்ளையாக நின்றுகொண்டிருந்தாள் தேஜஸ்ரீ.

"சுரேந்தரு! சட்டைய மாத்திட்டு வாடா, கூப்பிட வந்திருக்காங்க!" என்றார் புவனா.

மறுநாள் தேஜஸ்ரீயின் நாட்டைப் பிடிப்பதாகத்தான் அவன் சொல்லியிருந்தான். மூன்று காதுகுத்துக்கு நடுவே அதற்கு எங்கே நேரம்?