கட்டைவிரலின் இரண்டாவது துள்ளல்

ஷாக் பொத்தானை ஒரு முறை அழுத்தினால் கட்டைவிரல் ஒரு முறைதான் துள்ள வேண்டும். திங்கள் காலை அது இரண்டு முறை துள்ளியது.

நரம்புப் பரிசோதனை அறையின் டெக்னீஷியன் அவள். அவளுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. முதல் நோயாளி வருவதற்கு முன், பூட்டிக் கிடந்த அறையின் புழுக்கமும் ஸ்பிரிட் வாசனையும் கலைவதற்குள், இயந்திரத்தைத் தன் இடது கையிலேயே சோதித்துவிடுவாள். கட்டைவிரல் மேட்டில் மின்தகடு. மணிக்கட்டில் சின்னதாக ஒரு ஷாக். விரல் துள்ளும், திரையில் அலை எழும். பதினொரு வருடங்களில் பிசகியதில்லை.

அந்த ஷாக் எங்கே போகிறது என்று நோயாளிகள் கேட்டால் ஆசையாக விளக்குவாள். கட்டைவிரலை ஆட்டும் நரம்பு செல்லின் உடல் கழுத்தருகே, தண்டுவடத்துக்குள் இருக்கிறது, தூசி அளவுதான். அதிலிருந்து ஒற்றை வால் தோளையும் முழங்கையையும் தாண்டி விரல்வரை வருகிறது. வாலைச் சுற்றிக் கொழுப்புறை, உறையில் இடைவெளிகள். செய்தி இடைவெளிக்கு இடைவெளி தாவி நொடிக்கு ஐம்பது மீட்டர் ஓடும். மணிக்கட்டில் தட்டினால் இரு பக்கமும் ஓடும். கீழே போனது விரலை ஆட்டும். மேலே போனது செல்லைத் தொட்டுத் திரும்பி, இருபத்தெட்டு மில்லிநொடியில் திரையில் ஒரு குட்டி அலையாக வந்து நிற்கும். அந்தச் செல்லுக்கு அப்பால் போக அதற்கு வழியில்லை.

திங்களன்று திரையின் நேர அளவை நீட்டிப் பார்த்தாள். நானூற்று எண்பதாவது மில்லிநொடியில் மூன்றாவதாக ஓர் அலை.

சந்தேகம் முதலில் வரவேற்பு மேசைப் பெண் மேல் போனது.

"ஷாக் குடுக்குற பெடலை மிதிச்சியா?"

"நான் உள்ளயே வரலையேக்கா. உங்க விரலுக்கு மட்டும் ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசமோ என்னமோ."

அந்தப் பெண்ணின் கையிலும் சோதித்தாள். ஒரே துள்ளல்.

"அப்ப ஸ்டோர் ரூமை ஏன் திறந்து போட்ட?"

"பூட்டிட்டுத்தான்க்கா போனேன். சத்தியமா."

டாக்டரிடம் சொல்லவில்லை. கையில் நரம்பு நோய் என்று தெரிந்தால் அடுத்த வாரமே இந்த நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள்.

புதனன்று அலை இருநூற்று நாற்பதுக்கு வந்திருந்தது. அறைக்கு வெளியே நடைபாதை எடை மெஷினில் யாரும் நிற்கவில்லை. ஆனாலும் அதன் சிவப்பு எண்கள் நாற்பத்தொரு கிலோ காட்டின. நரம்பு இயந்திரத்தைப் பார்க்க வந்த இன்ஜினியர் வயர்களை மாற்றினார், எர்த் பார்த்தார்.

"மெஷின் கல்லு மாதிரி இருக்கு மேடம். உங்களுக்குத்தான்..." என்று இழுத்துவிட்டு மேசைப் பெண்ணைப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்கினாள். இருவரும் கூட்டுக் களவாணிகளா?

வியாழன், நூற்றிருபது. ஜன்னல் அடைத்திருந்தது, வாசல் திரைச்சீலை மட்டும் யாரோ இப்போதுதான் விலக்கிவிட்டுப் போனதுபோல ஆடிக்கொண்டிருந்தது.

வெள்ளி காலை மேசைப் பெண் இன்னும் வரவில்லை. தனியாக உட்கார்ந்து எண்களை வரிசையாக எழுதிப் பார்த்தாள். நேரத்தையே முறைத்துக்கொண்டிருந்தோமே என்று தோன்றியது. அவள் தொழிலே தூரத்தை அளப்பதுதான். போய்த் திரும்பும் நேரத்தைப் பாதியாக்கு, வேகமான ஐம்பதால் பெருக்கு. பன்னிரண்டு மீட்டர். ஆறு. மூன்று.

நோயாளிகளின் கையை அளக்கும் ஒன்றரை மீட்டர் டேப்பை நாற்காலியடியிலிருந்து தரையில் போட்டுப் போட்டு நகர்ந்தாள். இரண்டாவது டேப் திரைச்சீலையில் முடிந்தது. நான்காவது, எடை மெஷினில். எட்டாவது, ஸ்டோர் ரூம் கதவில்.

கதவைத் தள்ளினாள். பஞ்சு மூட்டைகள், பினாயில் நெடி. யாருமில்லை. நடைபாதையிலும் யாருமில்லை. தன் பயத்தை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது. திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்தாள். மின்தகட்டை ஒட்டினாள். அழுத்தினாள்.

நாற்பது.

பாதி இருபது. ஒரு மீட்டர்.

மணிக்கட்டிலிருந்து தண்டுவடம் எழுபது சென்டிமீட்டர். மீதி முப்பது.

பின்கழுத்தில் பினாயில் நெடி.

நாற்காலியின் முதுகு மெல்லப் பின்னால் வளைந்தது. அவள் அசையவில்லை.

கட்டைவிரல் துள்ளியது.

அவள் அழுத்தவில்லை.

மறுபடியும். மறுபடியும்.

இயந்திரத்தில் கோளாறில்லை. கையில் நோயில்லை. அவளுடைய நரம்பு அவளோடு முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் இன்னும் முப்பது சென்டிமீட்டர் போகிறது. இப்போது தட்டுவது அந்த முனையிலிருந்து.